காட் ரோடு இறங்குவது ஜுஜுபியா?

குன்னூர்க்காரன்

ஊட்டியில் சீசன் ஆரம்பித்துவிட்டது, மலைப்பாதை பற்றி வழக்கமான கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. வண்டி இழுக்குமா, ஏசி போட்டுக்கொண்டு ஏறலாமா, ஃபுல் லோடில் முதல் கியர் எத்தனை இடத்தில் போட வேண்டிவரும் என்று எல்லாரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றி அபூர்வமாக யாராவது கேட்டால், உடனே நாலு பேர் வந்து "இறங்குறது ஜுஜுபி, வண்டி தானா உருண்டு போயிடும்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இதைப் படித்துப் படித்து எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

வண்டி தானாக உருளும், அதில் சந்தேகமே இல்லை. அதுதான் ஆபத்து. ஏறும்போது நீங்கள் தப்பு செய்தால் வண்டி திணறி நிற்கும், பின்னால் வருபவன் ஹாரன் அடிப்பான், கொஞ்சம் மானம் போகும், அவ்வளவுதான். இறங்கும்போது அந்தத் தப்பு உடனே தெரியாது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், குன்னூரைத் தாண்டி முதல் ஏழெட்டுக் கிலோமீட்டர் எல்லாம் நன்றாகவே இருக்கும். பிரேக் மேலே காலை வைத்துக்கொண்டே பாட்டுக் கேட்டபடி வருவீர்கள். காட்டேரி, மரப்பாலம் எல்லாம் தாண்டி பர்லியார் பக்கம் வரும்போதுதான் பெடல் வழக்கத்தை விட உள்ளே போவது தெரியும். அதற்குக் கீழேயும் கல்லார் வரை வளைவுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பர்லியார் பழக்கடைகள் பக்கம் நின்று பாருங்கள், பலாப்பழ வாசனையை அமுக்கிக்கொண்டு பிரேக் கருகும் நாற்றம் வரும். அந்த வண்டிகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஓட்டுபவருக்கு அந்த நாற்றம் தன் வண்டியிலிருந்துதான் வருகிறது என்பதே பல நேரம் தெரிவதில்லை.

எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை மிதித்து, வேகத்தைக் குறைத்து, பிறகு காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். இதை இங்கே பள்ளிக்கூடம் முடித்த பையன்கூடச் செய்வான். ஆனால் கீழேயிருந்து வருபவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, டிரைவிங் ஸ்கூலிலும் இதற்கு இடமில்லை, எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

பீளமேட்டுப் பயணி

குன்னூர் அண்ணா, மரியாதையோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள். நான் வால்பாறை போயிருக்கிறேன், 40 வளைவு. கொல்லிமலை போயிருக்கிறேன், 70 வளைவு. அதோடு பார்த்தால் மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டில் 14 தான், ரோடும் அகலம், நெடுஞ்சாலை. எல்லா இடத்திலும் நியூட்ரலில்தான் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோல் எத்தனை மிச்சமாகிறது தெரியுமா? ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சும்மா வந்துவிடலாம். இறங்கும்போது இன்ஜினை உறுமவிட்டு எதற்கு வீணாகப் பெட்ரோல் எரிக்க வேண்டும்?

மேட்டுப்பாளையம் மெக்கானிக்

தம்பி, உங்கள் கணக்கே தலைகீழ். கார்புரேட்டர் வண்டி காலத்தில் நீங்கள் சொல்வதில் ஏதோ ஒரு அர்த்தம் இருந்தது. இப்போது வருகிற எல்லா இன்ஜெக்ஷன் வண்டியிலும், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, ஒரு சொட்டுக்கூட எரியாது. நியூட்ரலுக்கு மாற்றினால் இன்ஜின் நின்றுபோகாமல் இருக்க ஐடிலிங் பெட்ரோல் எரிந்தே ஆக வேண்டும். ஆக, நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு செலவு செய்கிறீர்கள், கூடவே பிரேக்கையும் தேய்க்கிறீர்கள்.

இன்னும் சிலர் சாவியையே திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரேக் மிதிக்க லேசாக இருப்பதற்குக் காரணம் பூஸ்டர். அது இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதி வரைக்கும் அதில் மீதி வேக்யூம் இருக்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், இரண்டு காலால் மிதித்தாலும் வண்டி நிற்பது கஷ்டம். பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் இரண்டும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அப்புறம் பிரேக் ஆயில். இதைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் வரும், ஆவி அமுங்கும், நீங்கள் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பிரேக் பேட் சூடாகிப் பிடி விட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மூலகாரணம் சூடுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றுங்கள். மலைக்கு வருகிற பல வண்டிகளின் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் கருப்பாக இருக்கிறது, ஷோரூமை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை.

குன்னூர்க்காரர் சொன்ன 'ஏறின கியர்' கணக்கை மட்டும் நான் முழுசாக ஏற்கவில்லை. அது அம்பாசிடர், மகேந்திரா ஜீப் காலத்துப் பேச்சு. அந்த வண்டிகளுக்கு இழுவை குறைவு, ஏறுவதே இரண்டாவது, முதல் கியரில்தான். அதனால் இறங்குவதற்கும் அது பொருந்தியது. இப்போது வருகிற டர்போ வண்டி மூன்றாவது கியரிலேயே சிரமமில்லாமல் ஏறிவிடும். மூன்றில் இறங்கினால் போதிய பிடி கிடைக்காது. இரண்டில் வாருங்கள், ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி போன்ற சரிவில் முதல் கியர். எந்த கியர் என்று கேட்டால் என் பதில் இதுதான்: பிரேக்கைத் தொடாமல் விட்டாலும் வண்டி வேகம் எடுக்காமல் எந்த கியரில் வருகிறதோ அது.

குன்னூர்க்காரன்

மெக்கானிக் சார் சொன்னது சரி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பேட்டையில் எல்லாருக்கும் நினைவில் நிற்கிற மாதிரி ஒரு வரி வேண்டுமென்றுதான் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

பீளமேடு தம்பிக்கு ஒன்று. வளைவுகளின் எண்ணிக்கையை வைத்து ரோட்டை எடை போடாதீர்கள். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்துவிடுகிறது, அங்கே எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். வளைவு இல்லாமல் நீளமாகச் சரிந்துகொண்டே போகிற பகுதியில்தான் வேகம் தெரியாமல் ஏறும். ரோடு அகலமாக இருப்பது அதை இன்னும் மறைத்துவிடுகிறது.

பேட்டரி வண்டி

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 330. இடையில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அத்தனை உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 7.8 யூனிட் கரண்டுக்குச் சமம். வீட்டில் இரண்டு கிலோவாட் கீசரை நான்கு மணி நேரம் விடாமல் போட்டது போல. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் எங்காவது போயாக வேண்டும். கியரில் வந்தால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் அத்தனையும் நான்கு சக்கரத்தின் பிரேக்கில்.

எலக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை, இதை யாரும் எங்கேயும் தமிழில் எழுதிப் பார்க்கவில்லை. நம் வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கும், அந்தக் கரண்ட் பேட்டரிக்குப் போகும். இறங்கும்போது சார்ஜ் ஏறுவதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஊட்டி ஓட்டலில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பினால், அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. பல வண்டிகளில் அப்போது அந்தப் பிடிப்பு குறைந்துவிடும் அல்லது சுத்தமாக இருக்காது. பழகிய பிடிப்பு இல்லாமல் வண்டி ஓடத் தொடங்கும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள், கீழே வரும்போது அது எப்படியும் ஏறிவிடும்.

பீளமேட்டுப் பயணி

சரி, பெட்ரோல் விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டாவது கியரில் இன்ஜின் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம் என்று கத்துகிறதே, அது தேயாதா? கிளட்ச் பிளேட் போகாதா? பிரேக் பேட் மாற்றுவது எவ்வளவு மலிவு, கிளட்ச் மாற்ற எவ்வளவு ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்

சிவப்புக் கோட்டைத் தொடாதவரை இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. பெட்ரோல் வண்டி அதற்கும் மேலே சுற்றுவதற்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. கிளட்ச் பெடலிலிருந்து கால் முழுசாக எடுத்திருந்தால் பிளேட் தேய்வதற்கு வழியே இல்லை. தேய்வது எப்போது என்றால், வளைவில் பாதிக் கிளட்ச் பிடித்துக்கொண்டு வரும்போது. அதைச் செய்கிறவர்கள் நிறைய. வளைவுக்குள் கிளட்சை அழுத்தினால் வண்டி நியூட்ரலில் ஓடுவதற்குச் சமம், இன்ஜின் பிடி போய்விடும். வளைவுக்கு முன்னாலேயே கியரை மாற்றி முடித்துவிட வேண்டும்.

கேரட் லோடு

நான் கேத்தி, முத்தோரை பக்கமிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்குகிறவன். பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் எல்லாரும் கார் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வண்டியில் லோடோடு சேர்த்து ஆறேழு டன் வரும். எங்களுக்கு ஏர் பிரேக். சும்மா சும்மா மிதித்துக்கொண்டிருந்தால் டேங்கில் ஏர் இறங்கிவிடும், கம்ப்ரசர் நிரப்ப நேரம் வேண்டும். அதனால் எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை போகும் வழியை அடைத்து வண்டியைப் பிடிப்பது) போட்டு, சின்ன கியரில், வண்டியை அதன் போக்கில் இறக்குவோம். பதினைந்து, இருபதுக்கு மேல் போக மாட்டோம். பின்னால் வருகிற கார்க்காரருக்கு அது பொறுக்காது. லைட்டை அடித்து அடித்து, வளைவிலேயே ஏறிக் கடந்து போவார். அவர் எதிரே பஸ் வந்ததும் சடாரென்று எங்கள் முன்னால் புகுந்து பிரேக் அடிப்பார். நாங்கள் அப்படி நிறுத்த முடியாது சார். எங்களை நாங்களே நம்பாமல் கிளீனர் பையன் கையில் கட்டையோடு உட்கார்ந்திருப்பான், வண்டி நின்றதும் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதுதான் அவனுடைய முதல் வேலை. வழி கிடைக்கும் இடத்தில் நாங்களே ஓரம் கட்டி இண்டிகேட்டர் போட்டு விடுவோம், அதுவரை பொறுங்கள்.

இன்னொன்று, ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். இது எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்திலேயே இருக்கிறது. லோடோடு ஏறுகிற வண்டி குறுகலான இடத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும். கீழே இறங்குகிறவர் ஒரு நிமிடம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

பெருமாள்மலை அக்கா

எங்கள் கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான், அதனால் உள்ளே வருகிறேன். வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் எங்கள் ஊரில்தான் சேருகின்றன, இரண்டு பக்கமும் இறங்குகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பழனி ரோடு குறுகல், காடு அதிகம், மஞ்சு இறங்கினால் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாது. பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரே நாளில் கொடை ஏறி, சாயங்காலமே திரும்ப இறங்குகிறவர்கள் அதிகம், ஓட்டுபவர் காலையில் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். களைப்பைப் பற்றியும் யாராவது பேசுங்கள்.

நான் சொல்ல வந்தது ஆட்டோமேடிக் வண்டி பற்றி. இப்போது பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள். டி-யில் போட்டுவிட்டால் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் அந்த கியர் பாக்ஸ், நீங்கள் சமவெளியில் சுகமாகப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேல் கியருக்கு மாறிக்கொண்டே போகும். பிடியே இருக்காது. எல் என்றோ 2 என்றோ இருந்தால் அதில் போடுங்கள். ஏஎம்டி வண்டி (மேனுவல் கியரையே கம்ப்யூட்டர் மாற்றும் வகை) என்றால் குச்சியை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் நிறுத்துங்கள். என் தங்கை புது வண்டி வாங்கினபோது அந்த எம் எழுத்து எதற்கு என்று விற்றவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. டம்டம் பாறைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் நானே ஓட்டிக் காட்டினேன், அப்புறம்தான் அவளுக்குப் பயம் போனது.

மஞ்சில் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்ப உங்கள் கண்ணிலேயே அடிக்கும். நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ஓஎம்ஆர் ரைடர்

ஸ்கூட்டர் பற்றியும் சொல்லுங்கள். அடுத்த மாதம் நண்பர்களோடு வருகிறோம். ஊட்டியில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்து, கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கி யானை பார்க்கலாம் என்று திட்டம். ஸ்கூட்டர்தானே, குழந்தைகூட ஓட்டும் என்று நண்பன் சொல்கிறான்.

குன்னூர்க்காரன்

தம்பி, தயவுசெய்து அந்தத் திட்டத்தை விடுங்கள். கல்லட்டியில் ஒவ்வொரு வளைவிலும் 36-இல் இது எத்தனையாவது என்று போர்டு வைத்திருப்பது படம் எடுத்துப் போடுவதற்காக இல்லை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அந்தச் சரிவில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். இரண்டு பேர் உயிரோடு அத்தனை நேரமும் உள்ளேயே கிடந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்குவதற்குத் தடை போட்டார்கள். மசினகுடி போக வேண்டுமென்றால் கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். தூரம் இரட்டிப்புக்கு மேல், ஆனால் அதுதான் வழி.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்

ஸ்கூட்டர் விஷயத்தை நான் சொல்கிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டும் சுற்றும் வேகத்தில் பிடிக்கிற கிளட்சும் இருக்கின்றன. ஓரளவு வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் கொஞ்சம் பிடிப்பு இருக்கும். வேகம் நன்றாகக் குறைந்ததும் அந்தக் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். அதாவது மெதுவாக, ஜாக்கிரதையாக இறங்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற அந்த வேகத்தில்தான் வண்டி முழுக்க முழுக்க இரண்டு பிரேக்கை மட்டும் நம்பி நிற்கிறது. பல வாடகை ஸ்கூட்டர்களில் இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், இரண்டு பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் சூடேறிவிடும். ஊட்டிக்குள்ளேயே சுற்றுவதற்கு ஸ்கூட்டர் போதும். நீள இறக்கம் என்றால் கியர் பைக் எடுங்கள். ஸ்கூட்டர்தான் என்றால் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிடுங்கள், பிரேக்கைப் பிடித்தபடியே வராமல் பிடித்துப் பிடித்து விடுங்கள்.

வெல்லிங்டன் வீடு

எங்கள் அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர், அதனால் இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த ரயிலையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பொம்மை ரயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள், குழந்தைகளுக்குக் காட்டுகிற பொருளாக ஆகிவிட்டது.

கல்லாரிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு ஒரு அடி சரிவு. சாதாரணத் தண்டவாளத்தில் சாதாரண ரயில் அந்தச் சரிவில் நிற்கவே நிற்காது. அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இரண்டு வரிசை பல்சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு வரிசையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம் இருக்கும்படி மாற்றி அமைத்திருப்பதால், இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரமும் எதையாவது கவ்விக்கொண்டிருக்கும். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இத்தனையும் போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். வெயிலோ மழையோ வெளி மேடையில் நின்றபடி கொடியைப் பார்த்து, விசிலைக் கேட்டு, பிரேக்கை இறுக்குவார், தளர்த்துவார். பல்சட்டப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பாதை, இன்றைக்கும் இதே ஒழுங்கில்தான் இறங்குகிறது. அதைக் கட்டினவர்களும் ஓட்டுகிறவர்களும் முழு மூச்சாக யோசித்தது இறங்குவதைப் பற்றித்தான். அப்பா வீட்டுக்கு வந்தால் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பொம்மை என்ற சொல் கேட்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பீளமேட்டுப் பயணி

ரயில் தகவல் அருமை, இது எனக்குத் தெரியாது. ஆனால் குன்னூர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் தடை போடுவது எப்படி நியாயம்? உள்ளூர்க்காரர் எல்லாரும் நன்றாக ஓட்டுகிறார்களா? உள்ளூர் ஜீப்புகள் கல்லட்டியில் போகிற வேகத்தை நானும் பார்த்திருக்கிறேன். 2024 மே 7-லிருந்து ஹைகோர்ட் சொன்னபடி மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. இப்போது அதிலும் எண்ணிக்கை வரம்பு வந்துவிட்டது. எங்களைத் தடுக்க எதாவது ஒரு காரணம் வேண்டும் என்பது போலத்தான் தெரிகிறது.

குன்னூர்க்காரன்

இ-பாஸ் நெரிசலுக்காக வந்தது, அதையும் இதையும் கலக்க வேண்டாம். உள்ளூர் ஜீப்புகளின் வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்க மாட்டேன், அவர்களையும் பிடித்து அபராதம் போட வேண்டும். ஆனால் தடை நியாயமே இல்லை என்பதை ஏற்க முடியாது. மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் வழியும், எந்த இடத்தில் யானை நிற்கும் என்பதெல்லாம் தினம் போகிறவனுக்குத் தெரியும். கூகுள் மேப் அதையெல்லாம் சொல்லாது, குறுக்கு வழி என்று மட்டும் காட்டும்.

என் ஆதங்கம் வேறு. இ-பாஸ் வாங்கும்போது வண்டி நம்பர், ஆட்களின் எண்ணிக்கை, தங்குமிடம் எல்லாம் கேட்கிறார்கள். அந்த இடத்திலேயே, இறங்கும்போது சின்ன கியரில் வாருங்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ஒரு நிமிட வீடியோ காட்டினால் என்ன? காசு செலவில்லை. பாஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டும். இதைக் கேட்டு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கேரட் லோடு

நான் போடுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் இன்னும் நிறைய பேர் போடுவார்கள்.

பெருமாள்மலை அக்கா

கொடைக்கானலுக்கும் சேர்த்தே எழுதுங்கள், எங்களுக்கும் அதே பாஸ்தான்.

பீளமேட்டுப் பயணி

வீடியோ யோசனை நன்றாக இருக்கிறது, நானும் போடுகிறேன். தடை பற்றி என் கருத்து மாறவில்லை.

காரமடை புதுசு

எல்லாருக்கும் வணக்கம். இழை முழுக்கப் படித்தேன். நான் லைசென்ஸ் வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இப்போது ஊட்டியில் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை இறங்க வேண்டும். அப்பா அம்மா வயதானவர்கள், அம்மாவுக்கு வாந்தி வரும். வண்டி பழைய ஹேட்ச்பேக், மேனுவல் கியர். குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா? நடுவில் பிரேக் சூடாகிவிட்டால் என்ன செய்வது?

குன்னூர்க்காரன்

சீசன் நேரத்தில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், அதனால் போலீஸ் காட்டுகிற வழியில் வாருங்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது, எதிரே வண்டி குறைவாக இருக்கும். மதியம் மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள், இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். கோத்தகிரி பஜாரில் ஒரு டீ குடித்துக் கொஞ்சம் உட்காருங்கள், அதுவே பிரேக்குக்கும் ஓய்வு. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 33 கிலோமீட்டர், தொடர்ந்து இறக்கம். கோத்தகிரி தாண்டியதும் இரண்டாவது கியர், அதற்கு மேல் மாற்றாதீர்கள். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அவர்களை முன்னால் விட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்

நாற்றம் வந்தாலோ பெடல் வழக்கத்தை விட உள்ளே போனாலோ உடனே கியரைக் குறைத்து, அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். வளைவுக்குள் நிறுத்தாதீர்கள். இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஊட்டியிலேயே ஏதாவது ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் எப்படி இருக்கிறது, பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பெருமாள்மலை அக்கா

அம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடுங்கள். சின்ன கியரில் நிதானமாக வந்தால் குலுக்கலும் குறையும், அவர்களுக்கும் தலை சுற்றாது.

காரமடை புதுசு

ரொம்ப நன்றி. காலையில் சேரிங்கிராஸ் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன், ஆயில் கருப்பாகத்தான் இருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன். நாளை சாயங்காலம் வண்டி கொடுப்பார்கள்.